லேப் சீட்டில் ஒரு வரி: பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பல் மருத்துவர்களுக்கும் பல் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் மதுரையில் ஒரு சின்ன பல் லேபில் வேலை பார்க்கிறேன். நீங்கள் அனுப்பும் அளவை வைத்து கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை), பிரிட்ஜ் (விழுந்த பல்லின் இடத்தை நிரப்பும் பல் வரிசை) செய்து தரும் டெக்னீஷியன்களில் ஒருவன். உங்களில் பலருடன் தினமும் போனில் பேசுகிறவன். மார்ஜின், அதாவது கேப்பின் ஓரம், சரியாக உட்காரவில்லை, ஷேடு, அதாவது பல்லின் நிறம், ஒரு படி கூடிவிட்டது, நோயாளி வெளியூர் போகிறார் நாளைக்குள் வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி டாக்டர், முடித்துத் தருகிறோம் என்று நாங்கள் சொல்வோம். இத்தனை வருடப் பேச்சில் ஒருமுறைகூட நாம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்த கேப்புக்குள் இருக்கும் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது, அதை அரைக்கும்போது கிளம்பும் தூள் யார் நெஞ்சுக்குள் போகிறது என்பதுதான் அது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனிமேல் ஒவ்வொரு கேஸோடும் நீங்கள் எழுதி அனுப்பும் ஆர்டர் சீட்டில், அதாவது லேப் சீட்டில், "பெரிலியம் இல்லாத உலோகம் மட்டும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பெரிலியம் என்பது சில கேப் உலோகங்களில் கலக்கும் ஓர் இலேசான உலோகம்; அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். ஏன் உங்களிடம் வந்து கேட்கிறேன், அரசாங்கத்திடம் கேட்கக் கூடாதா, லேப் முதலாளியிடம் கேட்கக் கூடாதா என்றெல்லாம் தோன்றும். அதைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செராமிக் கேப்புக்கு அடியில் இருக்கும் உலோகம் பெரும்பாலும் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலவை. 1970-களில் தங்கத்தின் விலை ஏறியபோது உலகம் முழுக்க லேப்கள் தங்கக் கலவையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தன. இந்தக் கலவைகளில் சிலவற்றில் 2 சதவீதம் வரைக்கும் பெரிலியம் சேர்க்கிறார்கள். சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. உருகும் வெப்பநிலை குறைகிறது. உருகிய உலோகம் தடையில்லாமல் ஓடி, மோல்டின் (வார்ப்பு அச்சின்) மெல்லிய ஓரம்வரை போய்ச் சேருகிறது. மேலே படியும் ஆக்சைடு அளவோடு இருப்பதால் அதன்மேல் வைக்கும் போர்சலின் (பீங்கான்) நன்றாகப் பிடிக்கிறது. உங்களுக்கு வேண்டிய மார்ஜின் சுலபமாகக் கிடைத்துவிடும். எங்கள் ஆட்களுக்கே இந்த உலோகத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. காஸ்டிங் (உருக்கி வார்ப்பது) தவறாது, அரைக்கவும் இலகுவாக இருக்கும்.

2 சதவீதம் கொஞ்சம்தானே என்று நினைக்கத் தோன்றும். அது எடைக் கணக்கு. பெரிலியம் அலுமினியத்தைவிட இலேசான உலோகம். 2021-இல் விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 ஆடித் துண்டுகளை அதனால் செய்ததற்கு அந்த இலேசும் உறுதியும்தான் காரணம். எடையில் 2 சதவீதம் இருந்தால், அணுக்களை எண்ணிப் பார்க்கும்போது நூற்றுக்குப் பத்துக்கும் மேலே பெரிலியமாக இருக்கும். உருக்கும்போது மேற்பரப்பில் படியும் ஆக்சைடில் அது இன்னும் செறிவாகச் சேருகிறது. நம் காங்கேயம் பக்கம் படியூரில் எடுத்த கடல்நீல நிறக் கல் சங்க காலத்தில் ரோமாபுரிவரை போனதாகப் படித்திருப்பீர்கள். அதுவும் பெரிலியம் அடங்கிய தாதுதான். கல்லாகக் கிடக்கும்வரை பெரிய தொல்லை கிடையாது. பிரித்தெடுத்து, உலோகத்தோடு கலந்து, உருக்கி, தூளாக அரைக்கும்போதுதான் வில்லங்கம்.

எங்கள் லேபுக்கு உங்களில் பலர் வந்ததில்லை. வந்தாலும் முன்பக்க மேஜையோடு திரும்பிவிடுவீர்கள். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

காஸ்டிங் ஆறியதும் மோல்டை உடைத்து எடுக்கும்போது உலோகம் கறுத்துப் போயிருக்கும். முதலில் ஸாண்ட் பிளாஸ்டரில் வைத்து அலுமினா மணலை அடித்து அந்தக் கறுப்பை எடுக்கிறோம். பெரிலியம் செறிந்திருக்கும் ஆக்சைடு அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. பெட்டியின் ரப்பர் கை கிழிந்திருந்தால், கண்ணாடி ஓரத்து வாஷர் தேய்ந்திருந்தால், அந்த இடுக்கு வழியாகத் தூள் வெளியே வரும். பிறகு கட்டிங் டிஸ்க்கால் ஸ்புரூவை, அதாவது உலோகம் உள்ளே ஓடி வந்த வழியில் உறைந்த தண்டை, வெட்டுகிறோம். அப்புறம் மைக்ரோமோட்டார், கையில் பிடித்து அரைக்கும் சின்ன மோட்டார். கேப்பை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஸ்டோன் பர்ரால் சுவரைத் தேய்த்துக்கொண்டே வருகிறோம். 0.3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். நடுநடுவே காலிப்பரை வைத்துப் பார்ப்போம். நடுநடுவே ஏர் கன்னால் ஒரு ஊது ஊதித் தூளைத் தட்டுவோம். அந்தத் தூள் எங்கே போகும்? கண் இருக்கும் அதே ஒரு சாண் தூரத்தில்தான் மூக்கும் இருக்கிறது.

காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது பார்த்தால் தூள் மினுங்கிக்கொண்டு மிதப்பது தெரியும். மற்ற நேரத்தில் தெரியாது. சாயங்காலம் முழங்கைவரை சாம்பல் நிறம் படிந்திருக்கும். பெருக்குகிற அக்கா விளக்குமாற்றால் பெருக்கும்போது காலையில் கீழே இறங்கியது எல்லாம் மறுபடி மேலே வரும். மதியச் சாப்பாடும் பெரும்பாலான லேப்களில் அதே மேஜையில்தான். வேலை முடிந்ததும் போட்டிருக்கும் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.8 சதவீதம் பெரிலியம் உள்ள உலோகத்தில் கால் கிராமும் வேண்டாம், பத்தில் ஒரு பங்கு கிராம் மட்டும் டிரிம்மிங்கில் (இப்படி அரைத்துச் சீர் செய்வதில்) தூளாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பெரிலியம் மட்டும் 1,800 மைக்ரோகிராம். இன்று அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மைக்ரோகிராம். அப்படியென்றால் அந்தச் சிட்டிகைத் தூள் முழுவதும் காற்றில் மிதந்தால் 9,000 கன மீட்டர் காற்றை அந்த அளவுக்குக் கெடுத்துவிடும். பத்தடி நீளம், அகலம், உயரம் உள்ள அறைகள் 300-க்கும் மேல். தூளில் பெரும்பகுதி கனமான துகளாகக் கீழே விழுந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். நூறில் ஒரு பங்கு மிதந்தாலே மூன்று அறைக்குப் போதும். எங்கள் டிரிம்மிங் அறை ஒன்றுதான். ஒரு நாளில் ஒரு கேப்போடு வேலை முடிவதும் இல்லை.

இந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று மருத்துவம் படித்த உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஆனாலும் நீங்கள் பல் பக்கம் படித்தவர்கள் என்பதால், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சிமெண்ட் தூசி, பஞ்சுத் தூசி போல வருடக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து அடைத்துக்கொள்ளும் விவகாரம் இல்லை இது. சிலருடைய உடம்பு பெரிலியத்தை ஒருமுறை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால், அதற்குப் பிறகு அதை மறப்பதே இல்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் நுரையீரலில் அந்தத் துகளைச் சுற்றிக் கூட்டம் கூடிச் சின்னச் சின்ன முடிச்சுகளாக இறுகுகின்றன. மருத்துவர்கள் கிரானுலோமா என்று சொல்வது இதைத்தான். நாளடைவில் அந்த இடம் தழும்பாகி, நுரையீரல் விரிய முடியாமல் போகிறது. வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, உடம்பு இளைப்பது, சோர்வு, ராத்திரி வியர்வை. வேலையில் சேர்ந்த சில மாதத்திலும் வரலாம். வேலையை விட்டு முப்பது வருடம் கழித்தும் வரலாம். ஸ்டீராய்டு மாத்திரையால் அடக்கி வைக்கலாமே தவிர, முழுதாகக் குணப்படுத்த வழியில்லை.

எல்லோருக்கும் வராது என்பது உண்மைதான். ஒரு குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 1993-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த அமைப்பு மக்களில் ஏராளமானவர்களுக்குச் சாதாரணமாகவே இருக்கிறது. அதை வைத்து இவனை வேலைக்கு எடு, அவனை எடுக்காதே என்று பிரிக்க முடியாது. பிரிக்கவும் கூடாது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நோய்க்கு, தூள் யாருக்கும் போகாமல் பார்ப்பது ஒன்றுதான் வழி. புற்றுநோயும் இருக்கிறது. 1993-இலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பெரிலியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது.

நம் ஊரில் இந்த நோய்க்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நான் மேலே சொன்ன அறிகுறிகளை இன்னொரு தடவை படியுங்கள். இருமல், இளைப்பு, ராத்திரி வியர்வை, எக்ஸ்ரேயில் நிழல். தமிழ்நாட்டில் எந்த டாக்டரும் முதலில் நினைப்பது டிபிதான். அதில் தப்பே இல்லை, இங்கே டிபி அவ்வளவு இருக்கிறது. சளியில் கிருமி தெரியவில்லை என்றாலும் மாத்திரையை ஆரம்பித்துவிடுவார்கள். அதுவும் பலிக்கவில்லை, சதைப் பரிசோதனை செய்தால் கிரானுலோமா தெரிகிறது என்றால், அடுத்து சார்காய்டோசிஸ் (காரணம் தெரியாமல் இதே போன்ற முடிச்சுகள் வரும் நோய்) என்று எழுதுவார்கள். பெரிலியம் நோயும் சார்காய்டோசிஸும் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரிப்பது தொழில் வரலாறும், நோயாளியின் வெள்ளை அணுக்களைப் பெரிலியத்தோடு வைத்து வளர்த்துப் பார்க்கும் ஒரு தனி ரத்தப் பரிசோதனையும்தான். அந்தப் பரிசோதனை தெருமுனை லேபில் செய்யக்கூடியது அல்ல. அதை நினைத்துப் பார்க்கவே, நோயாளி என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது துருவிக் கேட்டிருக்க வேண்டும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். டிரிம்மிங் என்றால் அவர்தான். அவர் முடித்துக் கொடுத்த கேப் டையில் (பல்லின் மாதிரி அச்சில்) உட்காரும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அவ்வளவு கச்சிதம். நாற்பதைத் தாண்டியதும் இருமல் பிடித்தது. லேப் இரண்டாவது மாடியில் இருந்தது. நடுப்படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வருவார். எக்ஸ்ரே எடுத்துவிட்டு டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். குறையவில்லை. மறுபடியும் ஒரு சுற்று மாத்திரை. வேறொரு இடத்தில் ஸ்டீராய்டு கொடுத்த பிறகுதான் கொஞ்சம் தெளிந்தார். இப்போது மைக்ரோமோட்டாரைத் தொடுவதில்லை, வீட்டு வாசலில் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அண்ணே, என்ன வேலை பார்க்கிறீங்கன்னு யாராவது கேட்டாங்களா என்று கேட்டேன். "கேட்டாங்கப்பா. பல் செட்டு கட்டுற இடத்துலன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க" என்றார். அத்தோடு சரி.

அவருக்கு வந்தது பெரிலியம் நோய் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவர் வருடக்கணக்கில் அரைத்த உலோகத்தில் பெரிலியம் இருந்ததா என்று கண்டுபிடிக்கக்கூட இப்போது வழியில்லை. டென்டல் டிப்போவில் (பல் மருத்துவப் பொருள்கள் விற்கும் கடையில்) விலை குறைவாகக் கிடைத்ததை வாங்கி உருக்கினோம், பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அவரைப் போல எத்தனை பேர் டிபி என்று சொல்லி அனுப்பப்பட்டார்களோ என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இது இல்லாத பூதத்தைக் காட்டிப் பயமுறுத்தும் கதை இல்லை. இதற்கு எண்பது வருட வரலாறு உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் சேலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ட்யூப் லைட் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் வயதுக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், மூச்சு முட்டி விழ ஆரம்பித்தார்கள். ட்யூபின் உள்பக்கம் பூசும் பொடியில் அப்போது பெரிலியம் கலந்திருந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு சேலம் சார்காய்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெரிலியத்தில் நச்சு இல்லை, அதோடு சேர்ந்திருக்கும் அமிலத்தில்தான் கோளாறு என்று 1943-இல் அரசுத் தரப்பு ஆய்வறிக்கையே சொல்லியிருந்த காலம் அது. ஹாரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வொரு நோயாளியையும் விசாரித்து, 1946-இல் இர்விங் டேபர்ஷாவுடன் சேர்ந்து 17 பேருடைய நோயை எழுதி வெளியிட்டார். 1949-இல் ட்யூப் லைட் தயாரிப்பாளர்கள் பெரிலியத்தைக் கைவிட்டார்கள். ஹார்டி கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது: நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?

அதே சமயத்தில் ஒஹாயோ மாநிலத்தின் லொரெய்ன் என்ற ஊரில், பெரிலியம் ஆலைக்குள் காலெடுத்தே வைக்காத அக்கம்பக்கத்தாருக்கும் இந்த நோய் வந்தது. வேலைக்குப் போய் வந்தவரின் உடுப்பைத் துவைத்ததாலேயே நோய் வாங்கிய வீட்டுப் பெண்களும் உண்டு. சாயங்காலம் அதே சட்டையோடு வீட்டுக்குப் போகிறோம் என்று மேலே எழுதினேனே, அது சும்மா எழுதியது இல்லை.

பிறகு அமெரிக்க அணுசக்தி ஆணையத்துக்கு ஒரு வரம்பு தேவைப்பட்டது. மெரில் ஐசன்பட், வில்லார்டு மாக்லி என்ற இருவர் ஒரு டாக்சியில் போகும்போது பேசி முடிவு செய்த எண்தான் கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராம். கன உலோகங்களுக்கு இருந்த வரம்பை எடுத்து, அணு எடையை ஒப்பிட்டு, பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் குறைத்துப் போட்ட எண் அது. டாக்சி வரம்பு என்றே அதற்குப் பெயர். அன்றைக்கு இருந்த அறிவுக்கு அது நல்ல முயற்சிதான், பலர் உயிரைக் காப்பாற்றியும் இருக்கும். ஆனால் அந்த வரம்புக்குள் வேலை பார்த்தவர்களுக்கும் நோய் வந்துகொண்டே இருந்தது. அணுகுண்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து நோய் வாங்கியவர்களுக்கு 2000-இல் தனிச் சட்டம் போட்டு 1,50,000 டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். கடைசியில் 2017-இல்தான் வரம்பை 0.2 என்று பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2019-இல் அதே 0.2-க்குப் போகச் சட்டம் செய்தது.

நம் நாட்டின் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பெரிலியத்துக்குப் போட்டிருந்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.002 மில்லிகிராம். மைக்ரோகிராமாக மாற்றினால் 2. அந்த டாக்சியில் பேசி முடித்த அதே எண்.

பல் லேப்களைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை வந்திருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, பல் லேப் டெக்னீஷியன்களுக்குப் பெரிலியம் நோய் வந்திருப்பதைச் சொல்லி, பெரிலியம் இல்லாத உலோகத்துக்கு மாறுங்கள் என்று குறிப்பு வெளியிட்டது. பல் உலோகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22674, பெரிலியம் 0.02 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. 2 சதவீதம் என்றால் அதைப் போல நூறு மடங்கு.

சரி, சட்டம் இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? பெரிலியம் நச்சு, அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. 1948-ஆம் வருடச் சட்டத்திலும் இருந்தது, அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் வருடத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இருந்தது. ஆனால் இவையெல்லாம் தொழிற்சாலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் முன்பு பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை. புதிய தொகுப்பில் இருபது பேர் வேண்டும். நீங்கள் கேஸ் கொடுக்கும் லேபில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மாடியில் ஒரு வாடகை அறை, நான்கைந்து பேர், ஒரு காம்பிரஸர். அங்கே எந்த ஆய்வாளர் வந்து காற்றை அளக்கப் போகிறார்? நோய்க்குப் பெயரே சரியாக எழுதப்படாதபோது இழப்பீடு எதை வைத்துக் கேட்பது?

முதலாளியைக் குறை சொல்லியும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சின்ன லேப் முதலாளியும் எங்களோடு உட்கார்ந்து மெழுகு வைக்கிறவர்தான். பக்கத்து லேப் ஒரு கேப்புக்குப் பத்து ரூபாய் குறைத்தால் அவர் கேஸை இழக்கிறார். விலை குறைந்த உலோகத்தைத் தேடிப் போவது அந்த நெருக்கடியில்தான். எங்கள் அறைக்குள் தினமும் தவறாமல் வந்து போகிற கட்டளை ஒன்றே ஒன்றுதான் டாக்டர். அது நீங்கள் எழுதி அனுப்பும் லேப் சீட்டு. அதில் ஏ2 ஷேடு என்று எழுதியிருந்தால் ஏ2 தான் செய்கிறோம். மெட்டல் மார்ஜின் வேண்டாம் என்றால் வைப்பதில்லை. அதில் பெரிலியம் இல்லாத உலோகம் என்று ஊரில் பத்து டாக்டர் எழுத ஆரம்பித்தால், டிப்போக்காரர் அடுத்த மாதமே சரக்கை மாற்றிவிடுவார். இது நான் தொழிலில் கண்கூடாகப் பார்த்த விஷயம்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளும் எனக்குத் தெரியும். இப்போது எல்லாம் சிர்கோனியா (உலோகத்துக்குப் பதிலான வெள்ளைப் பீங்கான்), லேசர் சின்டரிங் (உலோகப் பொடியை லேசரால் இணைத்துச் செய்வது) என்று போய்விட்டதே என்பீர்கள். பெரிய ஊர்களில், பெரிய லேப்களில் போயிருக்கிறது. உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் கூலி வேலை பார்க்கிறவர் போடும் கேப் இன்னும் பழைய காஸ்டிங்தான். தவிர, சின்டரிங்கில் வரும் கோபால்ட்-குரோமியத்தையும் அரைக்கத்தான் செய்கிறோம். கோபால்ட் தூளும் நுரையீரலுக்கு ஆகாதது. தூளை உறிஞ்சும் வசதி எந்த உலோகமாக இருந்தாலும் வேண்டும். அது தனிச் சண்டை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பெரிலியம் இல்லாத உலோகத்தில் காஸ்டிங் சரியாக வராது என்று எங்கள் ஆட்களே உங்களிடம் சொல்லக்கூடும். கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். மோல்டின் வெப்பநிலையைச் சரியாக வைக்க வேண்டும். ஆக்சைடு கொஞ்சம் தடிப்பாக வரும், டீகாஸ் பண்ணுவதில் (போர்சலின் வைக்கும் முன் உலோகத்தைச் சூடாக்குவதில்) கவனம் வேண்டும். ஆரம்பத்தில் சில கேஸ் ஷார்ட் ஆகும், அதாவது உலோகம் ஓரம்வரை போய்ச் சேராது. பழகினால் வந்துவிடும்; எங்கள் லேபில் வருகிறது. அந்த முதல் சில வாரம் ஒரு கேஸ் ஒரு நாள் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொண்டு பழைய உலோகத்துக்கே போங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விலையைப் பற்றிச் சொன்னால், ஒரு கேப்புக்குப் போவது ஒன்றோ இரண்டோ கிராம் உலோகம். நோயாளி உங்களிடம் கொடுக்கும் தொகையில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

மாஸ்க் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்களும் உண்டு. சர்ஜிக்கல் மாஸ்க் இந்தத் தூளுக்கு உதவாது, கைக்குட்டை சுத்தமாக உதவாது. நல்ல என்95 உதவும், ஆனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யும் மே மாத வெயிலில் எட்டு மணி நேரம் அதை யாரால் முகத்தில் வைத்திருக்க முடியும்? தொழில் பாதுகாப்பில் மாஸ்க் கடைசியில்தான் வரும். நச்சை அறைக்குள்ளேயே விடாமல் இருப்பது முதலில் வரும். அந்த முதல் வேலையை ஒரு பேனாவால் செய்யக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

உங்கள் நுரையீரலும் இதில் இருக்கிறது. கேப் கொஞ்சம் ஹை என்று நாற்காலிப் பக்கத்திலேயே உலர்வாகத் தேய்க்கிறீர்களே, பழைய பிரிட்ஜை வெட்டி எடுக்கிறீர்களே, அப்போது கிளம்பும் தூளும் இதே தூள்தான். பத்து வருடத்துக்கு முன் வேறு யாரோ போட்ட பிரிட்ஜில் என்ன உலோகம் என்று உங்களுக்கும் தெரியாது. தண்ணீரையும் சக்ஷனையும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். பக்கத்தில் நிற்கும் உதவியாளர் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர்கள் கல்லூரி லேபில் தாங்களே காஸ்டிங் செய்து, அரைத்துப் பழகுகிறார்கள். அவர்களுக்கு வாங்கும் உலோகத்தில் என்ன இருக்கிறது என்று கொள்முதல் பட்டியலை எடுத்துப் பாருங்கள். டெண்டரில் பெரிலியம் 0.02 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள். பெரிலியம் உலோகத்தின் ஓட்டத்தைக் கூட்டும் என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பில், அதை அரைப்பவருக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு லேப் சீட்டு எழுதப் போகிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த நெஞ்சக நோய் மருத்துவர் இருந்தால் அவரிடமும் இதைக் காட்டுங்கள். டிபி மாத்திரைக்கு அடங்காத இருமலோடு ஒருவர் வந்து, பல் லேபில் வேலை என்று சொன்னால், அங்கே என்ன செய்கிறீர்கள், உலோகத்தை அரைக்கிறீர்களா, எத்தனை வருடமாக என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

அந்த வரியை எழுதியதோடு விட்டுவிடாமல் ஒரு வேலை செய்ய வேண்டும். உலோகத்தின் பாக்கெட்டையோ, கலவை விவரம் அச்சிட்ட சான்றையோ போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி லேபைக் கேளுங்கள். கலவை விவரமே அச்சிடாமல் வரும் உலோகம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரிலியம் இல்லை என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் இன்னொன்றையும் கேட்க வேண்டும். காஸ்டிங் முடிந்து மிஞ்சும் உலோகக் கட்டியை, அதைப் பட்டன் என்போம், நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. புது உலோகத்தோடு கலந்து மறுபடி உருக்குகிறோம். லேபில் ஒரு டப்பா நிறையப் பழைய பட்டன் கிடக்கும், எந்த வருடத்து உலோகம் என்று யாருக்கும் தெரியாது. அந்த டப்பாவில் இருப்பதை என் கேஸுக்குச் சேர்க்காதீர்கள், புது உலோகம் மட்டும் போடுங்கள் என்று சொல்லுங்கள். சொன்னால் செய்வார்கள். நாளைக்குக் காலையில் அனுப்பும் முதல் கேஸிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பல் லேப் டெக்னீஷியன்,
மதுரை.